கஸ்தூரியின் கதைக்கு நான்கு செல்லோ

காட்டுப்பாக்கம் உலகநாதனைப் பற்றிச் சொல்லப் போனால் என் மானமும் சேர்ந்து போகும். போகட்டும்.

சினிமாப் பாட்டுக்குச் செல்லோ வாசித்துப் பிழைத்தவர்கள் நாங்கள். காலிடுக்கில் நிறுத்தி வில் போட்டு வாசிக்கிற பெரிய வாத்தியம். அதைத் தூக்கிக்கொண்டு உலகநாதன் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினால், "இன்னா அண்ணாத்தே, பொட்டிக்குள்ள ஆளு கீறானா? அவனுக்கும் டிக்கெட் வாங்கு" என்பார் கண்டக்டர்.

இருபது வருஷம் அடுத்தவர் எழுதியதையே வாசித்த மனுஷன், 1991-ல் சொந்தமாக எழுத உட்கார்ந்தார். நான்கு செல்லோ மட்டும். பாட்டு இல்லை, தபலா இல்லை. வாரப் பத்திரிகையில் ஒரு சிறுகதையைப் படித்ததால் வந்த வினை.

கதையை எழுதியவர் ஆவடியில் சீருடை தைக்கிற கஸ்தூரி. அடிக்கிற புருஷனை விட்டு ஒருத்தி நெமிலிச்சேரியில் ரயிலேறுகிறாள். கடைசி வரியில் மனம் மாறி வீடு திரும்புகிறாள். அனுமதி கேட்கப் போன உலகநாதனிடம் கஸ்தூரி கையெழுத்துப் பிரதியை நீட்டினார். அதில் அவள் திரும்பவே இல்லை. பத்திரிகைக்காரன் கேட்காமல் மாற்றிவிட்டான்.

"நீங்களும் அவளெ அந்த ஊட்டுக்கே அனுப்பினீங்கன்னா, சும்மா உட மாட்டேன் சார்" என்றார் கஸ்தூரி.

ஆவடி மன்றத்தில் ஞாயிறு மாலை அரங்கேற்றம். முன்வரிசையில் கஸ்தூரி. புருஷன் கெஞ்சிக் கூப்பிடும் இடத்தில் என் விரல் வழுக்கி அபசுரம் விழுந்தது. ஸ்டூடியோவில் ஒருவன் தப்பினால் எல்லோரும் நிறுத்துவோம். மறுபடி பதிவு செய்வார்கள். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் வில்லை எடுத்துவிட்டேன். மற்றவர்களும் எடுத்தார்கள். எழுதிய உலகநாதனே எடுத்துவிட்டார்!

முடிந்ததென்று ஜனங்கள் கைதட்டினார்கள். செயலாளர் மாலையோடு மேடையேறினார். புருஷன் கூப்பிட்டதோடு முடிந்தால் அவள் திரும்பிவிட்டதாகத்தானே அர்த்தம். கஸ்தூரி மட்டும் முகம் செத்துப்போய், பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, உக்காருங்க! இன்னும் முடியல!" என்று உலகநாதன் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பரந்தாமா, நூத்திப் பன்னெண்டாம் பார்லேர்ந்து எடு" என்றார்.

பார் நம்பரைச் சொன்னால் இசைத்தாளில் அந்த இடத்தைச் சட்டென்று பிடிப்பதும் ஸ்டூடியோ பழக்கம்தான். பிடித்தோம். புருஷனாக வாசித்த எங்கள் மூவரின் கூப்பாடு தேய்ந்துகொண்டே வந்தது. அவளாக வாசித்த உலகநாதனின் செல்லோ தனியே மேலே மேலே போய், இறங்காமல் நின்றது.

பத்துப் பேர்கூடக் கைதட்டவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கஸ்தூரி மேடையருகே வந்தார். மன்னிப்புக் கேட்க உலகநாதன் வாயெடுக்குமுன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தத் தபா அவளெ யாரும் திருப்பி இட்டாரல சார்."