ஓடையில் ஓடிய மயில்கழுத்து நிறம்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் அறைத்தோழி தென்மாவட்டத்துக்காரி. எங்கள் துணிக்குச் சாயமேற்றும் பட்டறையின் லேபில், வெளிநாட்டார் கேட்கும் நிறத்தைக் கலந்து பார்ப்பது அவள் வேலை. அவள் சம்பளத்தில்தான் ஊரில் தங்கை படித்தாள்.

ஞாயிறானால் இருவரும் பிரவுசிங் சென்டருக்குப் போவோம். ஓடையில் சாயத் தண்ணீர் விடுவதை எதிர்த்து இணையத்தில் ஒரு குழு தொடங்கியிருந்தேன். முகம் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ 'நாங்கள் இருக்கிறோம்' என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆதாரம் வேண்டும் என்று அவளை நச்சரித்தேன்.

லேப் ஜன்னலிலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்து வந்தாள்.

"ஏம் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது பிள்ள. வேல போச்சுன்னா அவ படிப்பும் போச்சு."

படத்தில் பட்டறைச் சுவரைக்கூட வெட்டிவிட்டு, தண்ணீரை மட்டும் குழுவில் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மடச்சி. நிறம் பார்த்தே பிழைக்கிற ஊரில், தண்ணீரின் நிறம் ஒன்று போதாதா?

யாரோ அந்தப் படத்தை என் மேனேஜருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அந்த வாரத்து ஆர்டரின் துணித்துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையோரம் பிடித்தார். மயில்கழுத்து நிறம். அதை வெளிநாட்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கியவளே நான்தான்.

"நம்ம கலருதானுங்க இது. வேற எந்தப் பட்டறையிலயும் இப்ப இது ஓடலீங்க" என்று போனில் பட்டறை முதலாளியிடம் சொன்னார். பிறகு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

ஓடை அந்தக் கோணத்தில் தெரிவது ஒரே ஒரு ஜன்னலிலிருந்து. மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். மற்ற பட்டறைகளுக்கும் விஷயம் போய்விட்டது. கேட்ட இடமெல்லாம் கை விரித்தார்கள். யார் தூண்டிவிட்டது என்று கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லையாம். குழுவில் இருந்த அத்தனை பேரில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. யாரிடம் போய் நிற்பேன்?

ஊருக்குப் புறப்பட்டவள் பஸ் ஸ்டாண்டில் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்த மட்டும் எடுத்துராத பிள்ள. நாலு பேரு பாக்கட்டும். நான் போறதுக்கு அதாச்சும் மிஞ்சட்டும்."

மேனேஜர் பார்த்த அந்த ஒரு பார்வைக்குப் பயந்து, அன்று மாலையே படத்தையும் குழுவையும் அழித்திருந்தேன்.

"எடுக்க மாட்டேன்" என்றேன்.