தறிக்காதும் சத்தம் அளக்கிற பெட்டியும்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தரைவிரிப்பைத் தட்டக் கூடாது, துணி துவைக்கிற மிஷினை ஓட்டக் கூடாது, காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைப் பெட்டியில் போடவும் கூடாது. கண்ணாடி உடைகிற சத்தத்தில் யாருக்காவது தூக்கம் கலைந்துவிடுமாம். வந்த புதிதில் யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிஜம். மாடிப்படிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஜெர்மனிக்கு நான் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குத் தேங்காய் உடைக்கவேண்டும் என்றால் சனிக்கிழமையே உடைத்து வைத்துக்கொள்கிறேன்.

ஆணி அடிக்காமல் இருந்துவிடலாம். பேசாமல் எப்படி இருப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊருக்கு டெலிபோன் பேசி முடித்து ரிசீவரை வைக்கிறேன், கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம். கீழ்வீட்டு ஃப்ராவ் கெல்லர் நின்றிருந்தார், இந்த வீட்டின் உரிமையாளர் அவர்தான். “ஹெர் செல்வின், யாரோடு இப்படிச் சண்டை?” என்று கேட்டார். “சண்டை இல்லை, என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன்” என்றேன். அந்தம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. “நானும் என் வீட்டுக்காரரும் பிரிவதற்கு முன்னால் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரில் சண்டை என்றால் அதற்குச் சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதைச் சொல்கிற அளவுக்கு என் ஜெர்மன் அன்று வளரவில்லை. கேக்கைத் தின்றேன்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். தனி ஷெட் எல்லாம் கிடையாது, முன்பக்க ஹாலில் தறி, பின்பக்கம் அடுப்பு, நடுவில் மனுஷர்கள். பியூலாவின் அப்பா, அதாவது என் மாமனார், எழுபதுகளின் தொடக்கத்தில் நாலு தறி போட்டார். மோட்டாரைப் பூட்டிக் கொடுத்தவன் ஐ.டி.ஐ. முடித்து வந்த நான். அந்த வீட்டுக்கு மருமகனாகப் போவேன் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? மோட்டார் சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்தேன். சத்தத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தறி சத்தம் போடும், மழை நனைக்கும், அவ்வளவுதான் எங்கள் அறிவு.

தறி ஓடும்போது எங்கள் ஆட்கள் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். குரல் எழுப்பிப் பிரயோஜனம் இல்லை என்பதால் உதட்டைப் பார்த்தே எதிராளி புரிந்துகொள்வார். வெளியூர் மாப்பிள்ளைகள் வந்தால் ஊமைகள் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி விழிப்பார்கள். கரண்ட் போனால்தான் வேடிக்கை. தெரு முழுக்க ஒரே அடியாக அடங்கிவிடும், ஆனால் அடுப்படியிலும் வாசலிலும் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் உடனே நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் கத்துவார்கள். மாமியாரைப் பற்றி யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்களோ அது தெருக்கோடி வரைக்கும் போகும். மின்வெட்டைப் பற்றி அந்தக் காலத்துப் பேப்பரில் எழுதாத தலையங்கம் இல்லை, நாடு இருளில் மூழ்குகிறது, தொழில் முடங்குகிறது என்று ஒரே புலம்பல். எனக்கும் பியூலாவுக்கும் கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டது அந்த மின்வெட்டு நேரத்தில்தான். அதற்காக அரசாங்கத்துக்கு நன்றி சொன்ன தம்பதி தமிழ்நாட்டிலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

சர்ச் மிஷன் தொடர்பில் வந்த ஒரு பயிற்சி வாய்ப்பில் நான் இங்கே வந்தேன். மிஷின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. முதல் நாளே மைஸ்டர், நம்ம ஊர்க் கணக்கில் ஃபோர்மேன், ஒரு மஞ்சள் காதுமூடியைக் கையில் கொடுத்தார். ‘கெஹோயர்ஷுட்ஸ்’ என்று அதற்குப் பேர். போடாமல் சோதனைக் கூடத்துக்குள் காலை வைத்தால் கத்துவார். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை ஒரு பெட்டியறைக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு ஓசையாக விட்டு, கேட்கிறதா கேட்கிறதா என்று பார்ப்பார்கள். என் இடது காது கொஞ்சம் மந்தம் என்று அங்கேதான் எனக்கே தெரிந்தது. “எங்கே வேலை பார்த்தீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். “வீட்டில்” என்றேன். பதிலை நான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்த ஊர்ப் பேப்பரைப் படித்தால் வயிறு எரியும். ஊருக்கு வெளியே போகிற ஆட்டோபான் ரோட்டில் கார் சத்தம் அதிகமாகிவிட்டதாம். நகரசபை கூடுகிறது. ஒருவர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், படுக்கையறை ஜன்னலில் வைத்துச் சத்தத்தை அளக்கிறார். அந்தப் பெட்டியோடு அவர் நிற்கிற படம் முதல் பக்கத்தில். ரோட்டோரம் மதில் கட்டலாமா, மரம் நடலாமா என்று மாசக்கணக்கில் வாக்குவாதம். இது பரவாயில்லை. தன் வீட்டுக்குப் பின்னால் குளத்தில் தவளை கத்துகிறது, நடவடிக்கை வேண்டும் என்று ஒருத்தர் எழுதிய கடிதத்தையும் போட்டிருந்தார்கள். அட, தவளைக்கும் விசாரணையா! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது சிரிப்பால் வந்த தண்ணீராக இல்லை.

நம்ம ஊர்ப் பேப்பர் மட்டும் என்னவாம்? பியூலாவின் தம்பி டேனியல் பார்சல் அனுப்பும்போது பழைய பேப்பரையும் சேர்த்துச் சுற்றி அனுப்புவான். முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு ஒரு வரி விடாமல் படிப்பேன். செயற்கைக்கோள் பறக்கிறது, கம்ப்யூட்டர் வருகிறது, கிராமந்தோறும் டி.வி. தெரியும். சின்ன ஊர்களிலும் விசைத்தறி பெருகிவருவது வளர்ச்சியின் அடையாளம் என்று ஒரு மந்திரி மைக்கில் பேசியிருக்கிறார். தறி பெருகியதை எண்ணுகிறவர்கள், அதே ஹாலில் தொட்டில் கட்டித் தூங்கவைக்கிற பிள்ளையை எண்ணினார்களா? எந்தத் தெரு வீடுகளுக்கு, எந்தத் தெரு தறிக்கு என்று ஒரு கோடு கிழிக்க எவ்வளவு விஞ்ஞானம் வேண்டும்? அதற்கு ராக்கெட்டா விடவேண்டும்? ஒரு சாக்பீஸ் போதும். எனக்கு எரிச்சல் வந்தால் இப்படித்தான் பேப்பரோடு தனியாகப் பேசிக்கொண்டிருப்பேன்.

விண்வெளிக்குப் போன நம்ம ஆள் அங்கிருந்து டெல்லியோடு பேசியபோது பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலக் கேட்டதாம். அதையும் படித்தேன். அப்போது எனக்கும் பியூலாவுக்கும் நடந்த பேச்சைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் போன் இருந்தது நூல்கடை அண்ணாச்சி வீட்டில் மட்டும். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து லைன் கிடைத்தால் ஒரே இரைச்சல். “பேப்பர் எல்லாம் தயார் பண்ணட்டுமா? இங்க வாறியா?” என்று நான் கத்துவேன். “ஆமாங்க, நல்லா இருக்கேன்” என்பாள். “எப்போ வாறே?” என்பேன். “அம்மாவுக்கு இப்பம் தேவலைங்க” என்பாள். கடிதத்தில் கேட்டால், அதைப் பத்தி போன்ல பேசிக்கிடலாம் என்று எழுதுவாள். போனில் கேட்டால் இந்தக் கூத்து. லைன் மேல் பழியைப் போட்டேன். நாள் போகப்போக அவள் மேலேயே சந்தேகம் வந்தது. வர இஷ்டமில்லை, நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் மழுப்புகிறாள் என்று முடிவு கட்டினேன். லீவில் ஊருக்குப் போனபோதும் ஒன்றும் புலப்படவில்லை. அந்தத் தெருவில் எல்லாரும் கத்துகிறார்கள், நானும் கத்தினேன், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். போனில் பேசினால்தான் எங்களுக்குள் ஏதோ சரியில்லை. கேக் கொண்டுவந்த ஃப்ராவ் கெல்லர் எண்ணியது நிஜம்தானோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்புறம் சங்கரன்கோவிலுக்கு எஸ்.டி.டி. வந்தது. இனி எங்கிருந்தும் நேரே நம்பரைச் சுழற்றினால் போதும் என்று டேனியல் குதித்துக்கொண்டு எழுதினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுழற்றினேன். அன்றைக்குத் தெருவில் தறிக்கும் லீவு. அடேயப்பா, என்ன தெளிவு! அண்ணாச்சி வீட்டில் காக்கா கரைவது கேட்கிறது, வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது. பியூலா மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. சந்தோஷத்தில், “பியூலா, நான் பேசுதது கேக்குதா?” என்றேன்.

“நல்லா இருக்கேங்க.”

“கேக்குதான்னு கேட்டேன்.”

“ஒண்ணும் கேக்கலங்க, இரைச்சலா இருக்கு. லைன் சரியில்ல போலிருக்கு.”

அந்த லைனில் ஒரு தூசி இரைச்சல் இல்லை. பின்னால் தள்ளி எங்கேயோ இருந்து அண்ணாச்சி குரல் வந்தது. “ஏம்மா, இம்புட்டு தூரத்துல நிக்கேன், எனக்கே மாப்பிள்ள பேசுதது மணி மாதிரி கேக்குது. ஒனக்கு என்ன செய்யுது?”

அண்ணாச்சி சொன்னதுகூட அவளுக்குக் கேட்டிருக்காது. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியறைக்குள் உட்காரவைத்து வருஷா வருஷம் எனக்குச் செய்த சோதனையை, சங்கரன்கோவில் எஸ்.டி.டி. என் பெண்டாட்டிக்குச் செய்துவிட்டது. விஞ்ஞானம் எங்கள் வீட்டுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

மறுநாள் அதே போனில் டேனியலைப் பிடித்தேன். “ஏலே, அக்காவுக்குக் காது கேக்கலைன்னு ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?”

“அத்தான், இதெல்லாம் ஒரு சங்கதின்னா சொல்லுவாவ? தறிக்காது. நம்ம தெருல யாருக்கு இல்ல? எங்க அம்மைக்கு இல்லையா? இப்பம் பொண்ணு பாக்க வாறவங்ககிட்டயே, கொஞ்சம் தறிக்காது, மத்தபடி கொறை ஒண்ணும் இல்லன்னு சொல்லித்தான் பேசுதாங்க.” பிறகு சொன்னான், “அக்காவுக்குப் பயம், அத்தான். ஜெர்மனிக்கு டெஸ்ட் வைப்பாங்க, காது சரியில்லன்னு தள்ளிருவாங்க, நீங்களும் என்ன நெனைப்பீங்களோன்னு. அதான் கடுதாசில எழுதல.”

தறிக்காது! நோய்க்குப் பேர் வைத்துவிட்டால் பாதி குணமாகிவிடும் என்று எண்ணுகிற ஜனம் நாங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முகம் சரியில்லை என்று மைஸ்டர் விசாரித்தார். “தறியில் என் மனைவியின் காது போய்விட்டது” என்றேன். “எந்தத் தொழிற்சாலை? காதுமூடி கொடுக்கவில்லையா?” என்று பதறினார். “தொழிற்சாலை இல்லை, வீட்டில்” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “ஓ, என் மனைவியும் வீட்டில் தறி வைத்து நெய்கிறாள். மேஜை விரிப்பு நெய்வாள். மனசுக்கு அமைதியான பொழுதுபோக்கு. அதனால் காது போகாது, வேறு காரணம் இருக்கும், நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்” என்று தோளில் தட்டினார். நல்ல மனுஷர். அவர் மேல் கோபப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். பட்டேன். அன்றைக்கு எல்லார் மேலும் பட்டேன். மதில் கட்டுகிற இந்த நகரசபை மேல், தறியை எண்ணுகிற அந்த மந்திரி மேல், மோட்டாரைத் தொட்டுப் பார்த்த என் கை மேல்.

பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, விசாவுக்குக் காது தேவைப்படவில்லை. பியூலா வந்தாள். இங்கே டாக்டர் பெட்டியறையில் உட்காரவைத்துப் பார்த்தார். நரம்பு பட்டுவிட்டது, போனது போனதுதான், காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடும், அவ்வளவுதான் என்றார். இதை முன்பே தடுத்திருக்கலாமே என்று என்னைப் பார்த்தார். எந்த மொழியில் எதைச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே பனி. சர்ச்சுக்கு, எங்கள் பேச்சில் கோயிலுக்கு, போகச் சேலை கட்டிவிட்டு, அதன் மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து நின்றிருந்தாள். ரொம்ப நேரம் தெருவையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த வீடே அதிரும்படி, எங்கள் தெருக் குரலில் கேட்டாள்.

“ஏங்க, இந்த ஊரே இப்படித்தானா, இல்ல எனக்குத்தான் ஒண்ணும் கேக்கலையா?”

“ஊரே இப்படித்தான் பியூலா” என்றேன்.

அவளுக்கு ஆறுதலாகிவிட்டது. “அதானே பாத்தேன். காதுக்குள்ள மட்டும் நம்ம தறி ஓடிக்கிட்டே இருக்குங்க, ராவும் பகலும். நிக்கவே மாட்டேங்கு” என்று சிரித்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே, கோபுரத்தில், கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.