ஒரு விரல் சந்து

சூரியநெல்லிக்கு மேலே, மரத்தடிகளை அடுக்கி வீடு கட்டச் சொல்லித்தரும் ஐந்து நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். ஊரில் எங்கள் பெருமாட்டித் தோப்பில் எனக்கென்று ஒரு மரவீடு கட்ட ஆசை. எதிலும் நிலைகொள்ளாத மனசு. உளி பிடித்தாலாவது அடங்கும் என்று நினைத்தேன்.

எனக்கு ஜோடி சரோஜாக்கா. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பயிற்சிக்காக அவருடைய துண்டு நிலத்தில் நாங்கள் எழுப்பிய ஒற்றை அறைதான் அப்புறம் அவருக்கு வீடு.

மேல்தடியின் அடியில் வெட்டும் குடைவு, கீழ்த்தடியைக் கவ்வி உட்கார வேண்டும். மூன்றாம் நாள் அளவைச் சரிபார்க்காமல் அகலமாக வெட்டிவிட்டேன். ஒரு விரல் நுழையும் சந்து. யாரும் பார்க்கவில்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.

டீ நேரத்தில் அக்கா அந்த மூலையைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி வெட்டுனதுதான் கச்சிதமா உக்காந்திருக்கு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அக்கா, அது பசைங்க" என்றேன்.

கொழுந்துக் கறை படிந்த நகத்தால் சுரண்டினார். தூள் உதிர்ந்தது.

"நீங்க ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிருவீங்க. காத்து என் காதுலதான வந்து ஊதும்?" குரலில் கோபமே இல்லை. "டீயக் குடிங்க. வேற தடி எடுப்போம்."

அவர் கோடு போட்டார், நான் வெட்டினேன். சாயங்காலக் காற்று எழுந்ததும் உள்ளே போய், அந்த மூலையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வரல" என்றார்.

என் மரவீடு இன்னும் எழும்பவில்லை. ஆனால் எதையாவது அவசரமாகப் பூசி மறைக்கக் கை போகும்போதெல்லாம், சுவரில் கன்னத்தை ஒட்டி நின்ற அந்த முகம்தான் முன்னால் வருகிறது.