வேலையை விட்ட பிறகும் வந்த குட் மார்னிங்

நான் கணக்கு டீச்சராக இருந்த தனியார் பள்ளிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விடிந்ததும் தாளாளர் அதில் 'குட் மார்னிங்' என்று ஒரு பூப்படம் போடுவார். பூவுக்குக் கீழே உழைப்பைப் பற்றியோ விசுவாசத்தைப் பற்றியோ ஒரு பொன்மொழி இருக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் வரிசையாக 'நன்றி சார்' என்று போட வேண்டும், கூடவே ஒரு கும்பிடு. போடாதவரை முதல் பீரியடுக்கு முன்பே அறைக்குக் கூப்பிட்டு, "ஒடம்புக்கு ஏதும் முடியலையா டீச்சர்?" என்று விசாரிப்பார். அந்த அக்கறைக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும்.

வேலையை விட்டதும் அந்தக் குமட்டலில்தான். பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று ஊரெல்லாம் எழுதி வைப்பது அந்தப் பள்ளியின் பெருமை. அது எப்படி வருகிறது என்பதைக் கடந்த மார்ச்சில்தான் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிகிறபோது தேறாது என்று தெரிகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று இனிமையாகச் சொல்லி, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவது. கணக்கில் யார் யார் தேறமாட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டுத் தாளாளர் சிரித்தார். "பயிரு நல்லா வரணும்னா களை எடுக்கணும்ல டீச்சர்?" என்றார்.

மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் குழுவிலிருந்து வெளியேறினேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் மறுபடியும் சேர்த்திருந்தார்கள். திரும்ப வெளியேறினேன். திரும்பச் சேர்த்தார்கள். பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"சார் சேக்கச் சொன்னாருங்க டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

தாளாளரிடமே கேட்டேன். "நீங்க நம்ம ஃபேமிலிங்க டீச்சர். ஃபேமிலியில இருந்து யாராச்சும் ரிலீவ் ஆவாங்களா?" என்றார். அவர் எண்ணை முடக்கினேன். குழுவில் வேறு எண்ணிலிருந்து பூ வந்தது. கணவருடைய மோட்டார் காயில் கட்டும் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை வேன் டியூட்டி கணக்கு டீச்சர் என்று செய்தி வந்து விழும். காலில் ஏறிய அட்டை கூட ரத்தம் குடித்து முடித்தால் தானாக விழுந்துவிடும். இது விழவில்லை.

"நம்பர மாத்தித் தொலையேன். இது தெரியல, ஒனக்குக் கணக்கு டீச்சர்னு பேரு வேற" என்றார் கணவர்.

பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. அதைவிட, அவர்கள் செய்கிற அசிங்கத்துக்கு நான் ஏன் என் எண்ணை மாற்ற வேண்டும் என்ற ஆத்திரம்.

என்னை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது மே மாதத்தில் புரிந்தது. கோடை விடுமுறையில் பிள்ளை பிடிப்பதற்கு எங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பகுதியில் வைக்கிற ஃபிளெக்ஸில் அந்த ஆசிரியரின் படமும் ஃபோன் எண்ணும் இருக்கும். எனக்குக் கறம்பக்குடி சாலை. ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது, ஒரு காதணி விழா ஃபிளெக்ஸுக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆண்டு விழாச் சேலை, வட்டத்துக்குள் சிரித்த முகம், கீழே கொட்டை எழுத்தில் என் எண். பக்கத்து சீட்டுப் பெண் ஃபிளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் முகத்தை நானே துடைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

இறங்கியதும் தாளாளரை ஃபோனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். "அட்மிஷன் முடியுற வரைக்கும்தாங்க டீச்சர். அடுத்த வருசம் மாத்திருவோம்" என்றார்.

இரண்டொரு நாளில் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கடலை விவசாயம் செய்கிறவர். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தாள்.

"போர்டுல ஒங்க படத்தப் பாத்துட்டுத்தாங்க டீச்சர் கூப்புடுறேன். எங்க அண்ணன் மகன் ஒங்ககிட்டதான் படிச்சான். இவளுக்குக் கணக்கு மட்டுந்தான் வராது. நீங்க பாத்துக்குருவீங்கல்ல? திங்கக்கெழம போயி டி.சி. வாங்கப் போறேன்."

கணக்கு வராத பெண். ஒன்பதாவதில் சேருகிறாள். ஒரே வருடத்தில் களை என்று பிடுங்கி வெளியே போடுவார்கள். அப்போது பழைய பள்ளியும் இருக்காது, புதிய பள்ளியும் இருக்காது.

"நான் அங்க வேலைய விட்டுட்டேங்க. அந்தப் புள்ளைய அங்க சேக்காதீங்க" என்றேன். ஒன்பதாவது முடிவில் நடப்பதையும் விளக்கமாகச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "ஸ்கூல்ல வெசாரிச்சேங்க. டீச்சர் லீவுல இருக்காங்க, ஜூன்ல வந்துருவாங்கன்னாங்க. ஒங்களுக்கும் அவுகளுக்கும் ஏதும் மனத்தாங்கலா இருக்கும்" என்றார். ஃபோனை வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சிரிக்கிற ஃபிளெக்ஸை நம்புவாரா, ஃபோனில் படபடக்கிற என்னை நம்புவாரா?

மறுநாள் காலை வழக்கம்போல் பூ வந்தது. அதற்குக் கீழே நான் எழுதினேன். 'நான் மார்ச்சிலேயே வேலையை விட்டுவிட்டேன். லீவில் இருப்பதாகப் பெற்றோரிடம் சொல்வது பொய். ஒன்பதாவதில் துரத்தப்போகிற பிள்ளைகளை என் முகத்தைக் காட்டிச் சேர்க்காதீர்கள். ஃபிளெக்ஸில் இருந்து என்னை எடுங்கள்.'

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் டீச்சர், 'நன்றி சார்', ஒரு கும்பிடு. அறிவியல் சார், 'நன்றி சார்', ஒரு கும்பிடு. பி.டி. சார், ஆங்கில டீச்சர், தலைமையாசிரியர், எல்லோரும் வரிசையாகக் கும்பிட்டார்கள். பூவுக்கா எனக்கா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் கும்பிட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். சீ, இத்தனை படித்தவர்களா என்று எனக்கு வாயெல்லாம் கசந்தது. இவர்களோடு உட்கார்ந்துதானே இத்தனை வருடம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன்.

அந்தக் கும்பிடுகளுக்கு நடுவே தாளாளர் மட்டும் படித்திருக்கிறார். நான் எழுதியது அழிக்கப்பட்டது. அடுத்த நொடியே, அட்மின் உங்களை நீக்கிவிட்டார் என்று திரையில் வந்தது. எத்தனையோ தடவை கேட்டும் கிடைக்காத விடுதலை, உண்மையைச் சொன்னதும் கிடைத்துவிட்டது. அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து, லீவில் இருக்கிறவளை ஏன் நீக்கினார்கள் என்று கேட்டு, கறம்பக்குடிக்காரருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "பாத்தேங்க டீச்சர். புள்ள இருக்குற எடத்துலயே படிக்கட்டும். டி.சி. வாங்கலங்க."

குட் மார்னிங் அன்றோடு நின்றது. அடுத்த வாரம் கணவர் வேலையாகக் கறம்பக்குடி போய்விட்டு வந்து, சிரித்துக்கொண்டே ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே ஃபிளெக்ஸ். என் முகத்தின் மேல் வேறு ஒரு டீச்சரின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். சேலை என்னுடையதுதான். கீழே இருந்த எண்ணும் என்னுடையதுதான். முகத்தை மறைக்கிற அவசரத்தில் எண்ணைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இதையும் எடுக்கச் சொல்லி ஒரு சத்தம் போடு" என்றார் கணவர்.

"வேணாம். இருக்கட்டும்" என்றேன்.

இப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து அழைப்புகள் வருகின்றன. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். பள்ளியைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன்னால், பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று கேட்கிறேன். வராது என்று சொன்னால், பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசுகிறேன்.