சங்கு ஊதினால் மாத்திரை

அந்த ரொட்டி ஆலையில் அவளுக்குப் பட்டப்பெயர் அலாரம். நேரம் தவறாமையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் சூரியனே அடித்துப் பிடித்துக்கொண்டு உதித்தது. சரி, சூரியன் விஷயம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பத்து வருஷத்தில் ஒருநாள்கூட அவள் தாமதமாக வந்ததில்லை, அதில் பொய்யில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்பதால் அதற்கு ஒத்துப்போகிற கருத்தடை மாத்திரையைப் பார்த்துக் கொடுத்திருந்தாள் சுகாதார நிலையத்து நர்ஸ். "தினமும் ஒரே நேரத்துல போடணும். மூணு மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போனா நம்ப முடியாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அலாரத்துக்கா நேரத்தைப் பற்றிப் பாடம்? மாத்திரை அட்டை ஏப்ரன் பைக்குள் இருந்தது. ஆலைச் சங்கு ஊதும், மாத்திரை தொண்டையில் இறங்கும், மாவு பிசையும் இயந்திரம் சுழலும்.

அடுத்த மாதம் அடுப்புப் பிரிவு மேற்பார்வையாளருக்கான பயிற்சி. இருந்த ஒரே இடம் அவளுக்குத்தான். ஆனால் வயிற்றில் பிள்ளை என்றால் அந்த அனல் பக்கமே விடமாட்டார்கள், இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அட்டை தீர்ந்து அடுத்தது வாங்கப் போனபோது பெருமை பேசினாள். "ஒருநாள் தவறல சிஸ்டர். சங்கு ஊதினா வாயில போட்டுடுவேன்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். "எத்தனை மணிக்கு ஊதும்?"

"காலை ஷிஃப்ட்னா ஆறு. மதிய ஷிஃப்ட்னா ரெண்டு. வாராவாரம் மாத்திப்..."

வாய் பாதியில் நின்றது. விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் எட்டு மணி நேர வித்தியாசம்.

அன்றைய பரிசோதனையில் கர்ப்பமில்லை. "ஆனா இப்பவே உறுதியா சொல்ல முடியாது. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம்" என்ற நர்ஸ், வெளியே உட்கார்ந்திருந்த கணவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி ஆணுறைப் பொட்டலத்தை நீட்டினாள். அதே ஆலையில் டெலிவரி வேனுக்குள் ரொட்டித் தட்டுகளை ஏற்றுகிறவன் அவன்.

"இது சங்கு இல்லாமலே வேலை செய்யுமா சிஸ்டர்?"

மனைவி முறைத்த முறைப்பில் பொட்டலம் சட்டைப்பைக்குள் ஒளிந்துகொண்டது.

அந்த மூன்று வாரமும் வீட்டில் இதே பேச்சுதான். "நான் வேணா ஆபரேஷன் பண்ணிக்கறேனே" என்றான் அவன். "பின்னாடி மூணாவது வேணும்னு தோணினா?" என்றாள் அவள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றால் அதற்கும் ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போனபோது, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பற்றி நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "முதல் சில மாசம் மாதவிடாய் அதிகமா, வலியா இருக்கலாம். வேணாம்னு தோணினா எப்ப வேணா எடுத்துடலாம். மத்தபடி வருஷக்கணக்கா அத மறந்துட்டே இருக்கலாம்."

"மறக்கலாம்ல? அது போதும் சிஸ்டர்."

இரண்டாவது பரிசோதனையிலும் கர்ப்பமில்லை. அன்றே வைத்துவிட்டார்கள். கை பிடிக்க ஆள் வேண்டும் என்று அவனையும் உள்ளே அழைத்துக்கொண்டாள்.

பயிற்சியின் முதல் நாள். அடுப்புச் சூட்டில் சிவந்த முகத்தோடு சாப்பாட்டு அறைக்கு வந்தவளைச் சூழ்ந்துகொண்டார்கள் பிசையும் பிரிவுப் பெண்கள்.

"அக்கா, வைக்கறப்ப வலிச்சுதா?"

"போடி, நான் கண்ணக்கூட சிமிட்டல."

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் சட்டைக்கையை மடித்து மூன்று நகக்குறிகளைக் காட்டினான்.

"சிமிட்டலதான். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் இறுக்கி மூடியே இருந்துது."