சாவியம்மா ட்ரோன் வாங்கிய கதை

பொய்யும் சொல்லாமல், உண்மையையும் சொல்லாமல் ஒருவர் எத்தனை காலம் வீடு விற்றுப் பிழைக்க முடியும்? எங்கள் பகுதி வீட்டுத் தரகர் சாவியம்மாவை எப்போது பார்த்தாலும் எனக்கு இந்தக் கேள்விதான் எழும். அவருடைய உண்மையான பெயரைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. பாதித் தெருவின் சாவிகள் ஒரே வளையத்தில் கோத்து அவர் கைப்பைக்குள் கிடக்கும். அவர் வருவதற்கு முன்னால் அவற்றின் சத்தம் வந்துவிடும்.

எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப்போய்க் காட்டினார். தெருவில் ஈ காக்கை இல்லை. படிப்பதற்கு ஏற்ற இடம் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பக்கத்துக் கட்டடம் வெல்டிங் பட்டறை என்பது திங்கட்கிழமை தெரிந்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

“அமைதியா இருக்குன்னு நீங்கதான சார் சொன்னீங்க. நான் சொன்னேனா?”

யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லைதான்.

அவருடைய தொழில் நுணுக்கமெல்லாம் எங்கே நிற்பது என்பதில்தான் இருந்தது. சமையலறையின் எந்த மூலையில் நின்றால் ஈரச்சுவர் முதுகுக்குப் பின்னால் போகும், பால்கனியில் எந்தப் பக்கம் கையைக் காட்டினால் வந்தவர் சாக்கடையை விட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்ப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் எதையும் மறைப்பதில்லை. கூட வருபவரைத் திருப்பி நிறுத்துவார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு ஓரகத்தி. கணவரின் தம்பி மனைவி. அதே தொழில், அடுத்த அறையிலேயே அலுவலகம். இரண்டு அறைகளும் மாமனாருக்குச் சொந்தம். ஒருநாள் பெரியவர் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டு, ஓர் அறையை மருந்துக் கடைக்கு விடப்போவதாகச் சொன்னார்.

“ஒரே ரூம்ல ரெண்டு நாற்காலி போட்டுக்கலாம்மா. போர்டுலதான் ஒரு பேருக்கு மேல போட்டா பாக்க நல்லா இருக்காது. அந்த மூலை வீட்டுச் சாவி யார் கைக்கு வருதோ, அவங்க பேரு.”

மூலை வீடு ஒரு பல் டாக்டருடையது. பெரிய வீடு, நெடுநாளாய் விலைபோகாதது. வெளியூரிலிருந்து வாங்குகிறவர்கள் வானத்திலிருந்து எடுத்த வீடியோவைக் கேட்கிறார்கள் என்று டாக்டருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் ஆளுக்கொன்று எடுத்துவரட்டும், எது தனக்குப் பிடிக்கிறதோ அவருக்கே சாவி என்று அவர் சொல்லிவிட்டார்.

ஓரகத்தியிடம் ஏற்கெனவே ட்ரோன் இருந்தது. அவருடைய அண்ணன் வாங்கிக் கொடுத்தது. சாவியம்மாவிடம் இருந்தது பழைய செல்போனும் ஒரு மர ஏணியும்தான்.

“வேணும்னா என்னோடத எடுத்துக்கோங்கக்கா,” என்றார் ஓரகத்தி. “பழக்கமில்லாத கை. உடைஞ்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“உனக்குத் தங்க மனசும்மா. அது உடைய வேண்டாம், நான் வேற பாத்துக்கறேன்.”

அன்று மதியமே சாவியம்மா கேமராக் கடைக்குப் போனார். மின்கட்டணம் கட்டிவிட்டு நானும் அந்த வழியே வந்ததால் கூட நுழைந்தேன். ஒரு தரகர் வாங்குகிறவராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

கடைக்காரர் முதலில் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு ட்ரோன்.

“புதுசா பழகறவங்க எல்லாரும் இதத்தாம்மா வாங்கறாங்க. விலையும் கம்மி. டப்பாவுலயே பாருங்க, ஃபோர் கே கேமரா.”

“டப்பாவுல இருக்கு. கேமராவுல இருக்கா?”

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “படம் எடுத்தப்புறம் அது பெரிசாக்கிக் கொடுக்கும்மா.”

“நானும்தான் ஹால்ல கண்ணாடி மாட்டிப் பெரிசாக்கிக் கொடுக்கறேன். பறக்க விடுங்க.”

கடைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடம் இருந்தது. ட்ரோன் ஆளுயரத்துக்கு எழும்பியதும் சாவியம்மா சொன்னார், “இப்ப ரிமோட்டுலேருந்து கையை எடுங்க.” கையை எடுத்ததும் ட்ரோன் தானாகவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போய் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியில் முட்டி விழுந்தது.

“காத்தும்மா.”

“இந்தக் காத்துக்கு என் முடிகூட ஆடலியே. அடுத்தது.”

கடைக்குள் திரும்பினோம். அடுத்தது பெரியது, ஒருவர் பயன்படுத்தி விற்றது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பாதி விலைதான். சாவியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இறக்கை மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தது.

“ஏன் விக்கறாங்க?”

“அவங்க வெளிநாடு போறாங்கம்மா.”

சாவியம்மா நாற்காலியில் சாய்ந்து நிதானமாகச் சிரித்தார். “இதே பதிலச் சொல்லி ஒரு தெருவையே நான் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கேன் தம்பி. மூடி வைங்க.”

மூன்றாவதாக வந்தது மடித்துவைக்கக்கூடிய நடுத்தர ட்ரோன். ஜிபிஎஸ் உண்டு. ரிமோட்டிலிருந்து கையை எடுத்தால் அந்தரத்தில் ஆணியடித்ததுபோல் நின்றது. ட்ரோன் காற்றில் ஆடினாலும் படம் ஆடாதபடி கேமராவைத் தாங்கிப்பிடிக்க ஒரு அமைப்பும் இருந்தது. பேட்டரி குறைந்தால் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பிவந்துவிடும் என்றார் கடைக்காரர். எடையும் குறைவு, அதனால் அனுமதித் தொல்லையும் குறைவு, ஆனாலும் எங்கெங்கே பறக்கவிடலாம் என்று விசாரித்துவிட்டுப் பறக்கவிடுங்கள் என்றார். அந்த மதியம் யாரும் கேட்காமலேயே அவர் சொன்ன முதல் உண்மை அது.

“எவ்வளவு நேரம் பறக்கும்?”

“இருபது நிமிஷம்.”

“அது விக்கறவங்க நிமிஷம். வாங்கறவங்க நிமிஷத்துல சொல்லுங்க.”

பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிட நடை என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்குமா? பத்து நிமிடம் என்று அவராகவே வைத்துக்கொண்டார். உபரியாக ஒரு பேட்டரியும் இறக்கைகளும் சேர்த்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். கடைக்காரர் ஒத்துக்கொண்டார். நான் எளிதில் யாரையும் பாராட்டுபவன் அல்ல. ஆனால் புதிதாகப் பழகுகிறவர் எந்த ட்ரோனை வாங்க வேண்டும் என்று கேட்டால், விற்றுப் பழகிய ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள் என்பேன்.

சில நாள் மொட்டைமாடியில் பழகினார். முதல் நாள் ட்ரோன் கிளப்பிய காற்றில் காயப்போட்டிருந்த போர்வை பறந்துபோய்க் கீழே மாமனார் தலையில் விழுந்தது. “போர்டுல என் பேரப் போடுங்கம்மா, நான் போய்ச் சேர்றேன்,” என்று போர்வைக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது. அதன்பிறகு கை பதமாகிவிட்டது.

படமெடுக்கும் நாளன்று டாக்டர் வந்திருந்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன், ஓரகத்தியும் வந்திருந்தார். அவர் தன் வீடியோவை முந்தின நாளே எடுத்து முடித்திருந்தார்.

டாக்டரிடம் அவ்வப்போது சாவியைக் கேட்டு வாங்கி மூலை வீட்டை யாருக்குக் காட்டினாலும் சாவியம்மா பூங்கா வாசலில்தான் ஆரம்பிப்பார். அங்கிருந்து மரங்கள் நிழல் விரித்த தெரு வழியே, இரண்டு திருப்பம் திரும்பி, வீட்டின் முன்வாசலுக்கு வந்து சேர்வார். பூங்காவுக்கும் அந்த வீட்டின் பின்சுவருக்கும் நடுவில் உள்ளது ஒரே ஒரு காலி பாட்டில் கிடங்குதான். அதைச் சுற்றிக்கொண்டு போவதற்காகவே இத்தனை அழகான நடை.

ட்ரோனையும் அப்படியே அழைத்துப் போனார். அதுதான் அவர் செய்த பிழை. அதை ஒரு தரகர்தான் செய்ய முடியும். வானமே திறந்து கிடக்க, பூங்கா வாசலில் கிளப்பி, தெருவின் மேலேயே பறக்கவிட்டு, தெரு திரும்பும் இடத்தில் அதையும் திருப்பினார். கீழே நாங்கள் நால்வரும் நடந்தோம். போதாக்குறைக்கு, மரம் வந்தால் நின்று மரத்தைப் பற்றிப் பேசினார். திருப்பம் வந்தால் நின்று காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினார். மேலே ட்ரோனும் பணிவாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

“அக்கா, பேட்டரி,” என்றார் ஓரகத்தி.

“இரும்மா, சார் கேக்கறார்ல.”

சார் ஒன்றும் கேட்கவில்லை. முன்வாசலை அடைந்து, முகப்பைச் சாவியம்மா படமெடுக்கத் தொடங்கியபோது ரிமோட் கீச்சிட்டது. பேட்டரி குறைந்துவிட்டது. ட்ரோன் உயரே எழும்பியது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பப் புறப்பட்டது. அதற்குத் தெரு தெரியாது, நேர்கோடு மட்டுமே தெரியும். வீட்டின் மேலாகப் பின்பக்கம் போய், கிடங்கைக் கடந்து, பூங்காவை நோக்கிப் போனது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் மாட்டியிருந்த செல்போன் திரையில் நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம்.

முதலில் மொட்டைமாடி. அதில் பாதியை மூடிக்கொண்டு ஒரு நீலத் தார்ப்பாய். அது பறக்காமலிருக்க ஓரமெல்லாம் பழைய டயர்கள். நடுவில் தேங்கிய தண்ணீர். பிறகு பின்சுவர். பிறகு வெயிலில் மின்னும் ஆயிரக்கணக்கான பாட்டில்கள், ஒன்றுவிடாமல். கடைசியில் பூங்கா வாசல், கைக்கெட்டும் தூரத்தில்.

“மாடி ஒழுகலன்னு சொன்னீங்க சார்,” என்றார் சாவியம்மா.

“நீங்க ஒழுகுதான்னு கேக்கல. மேல போய்ப் பாக்கணுமான்னு கேட்டீங்க. வேண்டாம்னேன்.”

சாவியம்மா அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். தன் உறவுக்காரரைக் கண்டதுபோல் என்றும் சொல்லலாம்.

ஓரகத்திக்கு மட்டும் இதில் வியப்பில்லை. “அதனாலதான் சார் நான் முன்பக்கம் மட்டும் எடுத்தேன்,” என்றார் மெதுவாக. தார்ப்பாயை முந்தின நாளே பார்த்துவிட்டிருந்தார்.

டாக்டர் சாவியம்மாவிடம் சொன்னார், “நீங்களும் அந்தக் கடைசிப் பகுதிய வெட்டிடுங்க. ரெண்டையும் கிளினிக்ல வந்து காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”

சாவியம்மா ட்ரோனைப் பூங்காவிலிருந்து எடுத்துவந்து, உபரி பேட்டரியைப் போட்டு மீதி முகப்பையும் எடுத்து முடித்தார். அன்று மாலை கிளினிக்கில், பல் வலிக்காரர்களுக்கு நடுவில் ஓரகத்திகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஓரகத்தி என்னிடம் சொன்னது இது. சாவியம்மா செல்போனில் இரண்டு வீடியோ வைத்திருந்தார். ஒன்று டாக்டர் சொன்னபடி வெட்டியது. பூங்கா, மரநிழல், முகப்பு, குற்றம் சொல்ல இடமில்லாதது. மற்றது அதே வீடியோதான், வெட்டாதது. ஆனால் துண்டுகளை ஒட்டிய வரிசை மாறியிருந்தது. தார்ப்பாயில் ஆரம்பித்து, பாட்டில்களைக் காட்டி, அதன்பிறகே மரநிழலுக்கும் முகப்புக்கும் வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஓரகத்தி தன்னுடையதைக் காட்டினார். டாக்டர் தலையாட்டினார். சாவியம்மா சற்று நேரம் செல்போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, தார்ப்பாயில் ஆரம்பிப்பதை ஓடவிட்டார்.

“இத யாருக்குக் காட்டப்போறீங்க?” என்றார் டாக்டர்.

“வர்றவங்க எல்லாருக்கும்.”

டாக்டர் சுவரில் மாட்டியிருந்த ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்தார். “நானும் இதத்தான் முதல்ல காட்டுவேன். அதுக்கப்புறம் நான் சொல்ற செலவு எதுவும் வந்தவங்களுக்குப் பெரிசாத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார்.

போர்டில் சாவியம்மாவின் பெயர் ஏறியது. ஓரகத்தி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்ன கணக்குதான் சாவியம்மாவின் கணக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் அப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவருக்கு முன்னால் தெரிந்திருக்க வழியில்லை. முகம் கறுத்து ஓரகத்திக்கே சாவியைத் தூக்கிக் கொடுத்திருக்கவும் கூடும். மனம் திருந்திவிட்டார் என்றும் என்னால் சொல்ல முடியாது. அடுத்த வாரமே என் வீட்டு மாடிப் போர்ஷனைக் காட்ட ஒரு தம்பதியை அழைத்துவந்தார், ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போனார்.

ஓரகத்தி ஒருநாள் என் எதிரிலேயே கேட்டுவிட்டார். “வெட்டினதும் உங்க செல்போன்லதானக்கா இருந்துச்சு. ஏன் அதக் காட்டல?”

சாவியம்மா ட்ரோனின் இறக்கைகளை ஒவ்வொன்றாக மடித்தார்.

“அந்த சார்ஜர எடும்மா,” என்றார்.