ஓவன் அக்கா சர்க்கரையைக் குறைத்த கதை

எங்கள் கட்டடத்து மாடிப்படியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செய்தி இதுதான்: ஓவன் அக்கா தன் சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வேண்டுமென்றே சர்க்கரை இல்லாமல் கேக் செய்து கொடுத்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டதாம், தான் தின்ன முடியாததை வேறு யாரும் தின்னக் கூடாதாம். பிள்ளை பெறாதவள், பொறாமை பிடித்தவள், வயிற்றெரிச்சல்காரி என்று பேச்சு போகிறது. இரண்டாம் மாடி தாண்டும்போது அந்தக் கேக்கில் உப்பு சேர்ந்துவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்கள் விளக்கெண்ணெய் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

வதந்தி எனக்கும் பிடிக்கும். இந்தக் கட்டடத்து வதந்தியில் பாதி, கீழ்த்தளத்தில் இருக்கும் என் மிக்ஸி ரிப்பேர் கடையில்தான் சூடாகி மேலே போகும். ஆனால் இந்த விஷயத்தில் நான் நேரிலேயே இருந்தேன், அதுவும் வாயில் கேக்கோடு இருந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கட்டடத்தில் முதன்முதலில் ஓவன் வாங்கியது அக்கா. அதோடு பெயரும் ஒட்டிக்கொண்டது. முதல் மாடி, சமையலறை ஜன்னலோரம் ஓவன், அதற்கு மேல் ஆணியில் வரிசையாகத் தகர டின்கள். அவள் கேக் சுடும் நாளில் கதவைச் சாத்தமாட்டாள். வாசனை படியில் இறங்கி என் கடைக்குள் வந்து, நான் பிரித்துப் போட்ட மோட்டார் மேல் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்துத் தெருப் பிறந்தநாள்களுக்கெல்லாம் அவள் கேக்தான்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வாயில் எப்போதும் நாலு ஊசி இருக்கும் என்பதால் பேச்சு குறைவு. டின்னுக்கு அடியில் போடும் தாளை வட்டமாக வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. பென்சில் கோடு போடாமல் வெட்டுவார், ஒரு நூல் பிசகாது.

கேக் வெந்து எழும்பும்போது நடுவில் மேடு தட்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டுமென்றால் அந்த மேட்டைக் கத்தியால் சீவிவிட வேண்டும். சீவியதற்கு அந்த வீட்டில் ‘தொப்பி’ என்று பெயர். சூடு ஆறாத தொப்பி நேராக அக்கா வாய்க்குப் போகும். அவளுக்குக் காலைச் சாப்பாடு, சாயங்காலச் சாப்பாடு எல்லாம் அதுதான். ஆனால் அதை அவள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. தட்டு வைத்து உட்கார்ந்தால் சாப்பிடுவது, நின்றுகொண்டே வாயில் போட்டால் ருசி பார்ப்பது.

தொப்பியில் பாதி தங்கச்சி மகளுக்கு. தங்கச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போகிறவள், குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் போவாள். அந்தப் பெண் இந்தச் சமையலறைத் தரையில்தான் தவழ்ந்தது, நடந்தது, பாடம் படித்தது. ஆறு வயதிலேயே, மூக்கில் மாவோடு, “பெரியம்மா, என் கல்யாணத்துக்கு மூணு மாடி கேக் வேணும்” என்றது.

“நீ மாப்பிள்ளையைப் பாரு, மாடியை நான் பாத்துக்கறேன்” என்றாள் அக்கா.

அது விளையாட்டுப் பேச்சு என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச்சு தொடங்கிய சமயத்தில் அக்காவின் காலில் செருப்பு கடித்தது. சின்னப் புண். ஆறவில்லை. தங்கச்சி பார்த்த உடனே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டாள். தையல்காரரும் கூடப் போனார்.

“கேக், இனிப்பு எல்லாம் சாப்பிடுவீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“தொடவே மாட்டேன் டாக்டர்” என்றாள் அக்கா.

சத்தியமாக அவள் பொய் சொல்லவில்லை. தையல்காரர் வாயைத் திறந்தார். அக்கா நல்ல காலால் அவர் பாதத்தை மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் ரத்தம் வாயை மூடவில்லை. டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் காலுக்கு ஆபத்து என்றார். சர்க்கரை கூடாது, ரொட்டி, சோறு, கிழங்கு எதுவும் கூடாது. முட்டை, கீரை, வெள்ளரிக்காய்.

“ஆடு மாதிரி மேயணுமா?” என்றாள் அக்கா.

“ஆட்டுக்குக் காலு நாலு இருக்கு. உனக்கு ரெண்டுதான்” என்றாள் தங்கச்சி. “திருடித் தின்னேன்னா, எனக்குத் தெரிஞ்சுபோயிடும். மாசாமாசம் நான்தான் ரத்தம் எடுப்பேன்.”

அக்கா விட்டாள். உண்மையிலேயே விட்டாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் இரண்டு காலில் நிற்க வேண்டும், மூன்று மாடிக் கேக்கைத் தன் கையால் தூக்கி வைக்க வேண்டும், வேறு ஆசை அவளுக்கு இல்லை. அந்தக் கேக்தான் தன் கடைசிக் கேக் என்று முடிவும் செய்துவிட்டாள். அதுவரை சுடுவேன், சாப்பிடமாட்டேன் என்றாள்.

சொல்லிவிடலாம். கைக்கு யார் சொல்வது? தொப்பியைச் சீவியதும் கை தானாக வாய்க்கு ஓடியது. பாதி வழியில் பிடித்து நிறுத்துவாள். ஒருநாள் நிறுத்துவதற்குள் உள்ளே போய்விட்டது. ஓடிப்போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் தையல்காரர் துண்டுத் துணியில் நாடா வைத்து ஒரு வாய்மூடி தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். கை மேலே போகும், துணியில் முட்டும், வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பும். கதவு வழியாகப் பார்த்தவர்கள் அக்காவுக்கு ஏதோ தொற்று நோய் என்று பரப்பினார்கள். தொப்பிகள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே காக்கைகளுக்குப் போயின. அந்த வருஷம் எங்கள் தெருக் காக்கைகள் பறக்கவே சோம்பல் பட்டன.

ருசி பார்க்காமல் கேக் செய்ய முடியுமா? அந்த வேலை தையல்காரருக்கு வந்தது. ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு ஒரு விரல் மாவு நக்குவார்.

“எப்படிங்க?”

“நல்லா இருக்கு. கொஞ்சம் தூக்கலாவே இருக்கு.”

அக்காவிடம் பிடி உடைந்த ஒரு பீங்கான் கப் உண்டு. சர்க்கரைக்கு அதுதான் அளவு. அதன் உள்பக்கத்தில் காம்போடு ஒரு சிவப்புப் பூ வரைந்திருக்கும். கப் நிறைய, விளிம்பு வரை போடுவதுதான் வழக்கம். அவர் ‘தூக்கல்’ என்றதும் விளிம்பை விட்டுப் பூவின் தலைக்கு இறங்கினாள். அடுத்த தடவையும் அவர் தூக்கல் என்றார். பூவின் நடுவுக்கு இறங்கினாள். சந்தேகம் வந்து, ஒருநாள் அவளே வாய்மூடியை இறக்கி நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பினாள். தேன் மாதிரி இருந்தது. ‘அடப்பாவமே, இத்தனை நாளா ஊருக்கு இவ்வளவையா கொட்டிக் குடுத்தேன்’ என்று தன் மேலேயே கோபப்பட்டு, காம்புக்கு வந்துவிட்டாள்.

ஆர்டர் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. “உங்களுக்கே உடம்பு முடியலை, எதுக்கு அக்கா சிரமம்” என்று நல்லவர்கள் மாதிரிப் பேசிவிட்டு அடுத்த தெரு பேக்கரிக்குப் போனார்கள். அக்கா அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். “பாருங்க, எம்மேல எவ்வளவு அக்கறை” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

கல்யாண நாள் வந்தது. மூன்று மாடிக் கேக், வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் தையல் போட்ட மாதிரி கிரீம் வளைவு. மண்டபத்தில் செல்போன் வைத்திருந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கேக்கைத்தான் படம் எடுத்தார்கள். கால் புண் ஆறியிருந்தது. அக்கா இரண்டு காலில் நின்றாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்டினார்கள், ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள். பெண் மென்றது, ஒரு நொடி நிறுத்தியது, மறுபடி மென்று சிரித்தது. அந்த ஒரு நொடியை அக்கா பார்த்துவிட்டாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு தட்டுகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்த துண்டு. குழந்தைகள்கூட வைத்துவிட்டு ஓடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சத்தமாகச் சொன்னாள்: “பத்தியக் கேக் போலிருக்கு. நம்ம வீட்ல யாருக்கும் வியாதி இல்லையே.”

மறுநாள் தங்கச்சி வந்தாள். கையில் மீந்த கேக், பெட்டியோடு. நான் அப்போது அக்கா வீட்டில் மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பெட்டியை மேஜையில் வைத்தாள்.

“தின்னு பாரு” என்றாள்.

“நான் தின்னக் கூடாதுன்னு நீதானேடி...”

“இன்னிக்கு நானே சொல்றேன். தின்னு.”

அக்கா ஒரு துண்டு எடுத்தாள். வியாதி வந்தபிறகு அவள் முழுசாக விழுங்கிய முதல் துண்டு அதுதான். கண்ணை மூடிக்கொண்டாள். முகமெல்லாம் மலர்ந்துபோனது.

“நல்லாத்தானேடி இருக்கு. என்ன இனிப்பு!”

“கிண்டலா பண்றே?” தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “சம்பந்தி முன்னாடி என் மூக்கை அறுத்தாச்சு, இப்ப கிண்டல் வேறயா? மாமா, நீங்க சொல்லுங்க.”

தையல்காரர் ஒரு விள்ளல் வாயில் போட்டார். “இனிப்பாத்தாம்மா இருக்கு” என்றார் அப்பாவியாக.

“ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? அண்ணே, வாங்க இங்க. நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க.”

அண்ணன் என்றது என்னைத்தான். தின்றேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். வேறு வழி இல்லை.

“அக்கா, ரொட்டி நல்லா வெந்திருக்கு” என்றேன்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் தையல்காரர் பக்கம் திரும்பினாள். “ஏங்க. நீங்க டீக்குச் சர்க்கரை போட்டுத்தானே குடிக்கறீங்க?”

அவர் விரலில் ஒட்டிய கிரீமைச் சட்டையில் துடைத்தார்.

“கேக்கறேன்ல?”

“நீ விட்ட அன்னிக்கே நானும் விட்டுட்டேன். கடையில குடிக்கிற டீயும் அப்படித்தான்.”

“எதுக்கு?”

“நீ அங்க வாயைக் கட்டிக்கிட்டு நிக்கறே. நான் மட்டும் எப்படி தின்ன?”

“சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“சொன்னா என்னைத் தின்னச் சொல்வே.”

மாதக்கணக்கில் இனிப்பே காணாத நாக்குக்குப் பால்கூடப் பாயசம்தான். அந்த வீட்டில் இருந்த இரண்டு நாக்கும் அப்படி ஆகிப்போயிருந்தன. அதில் ஒன்றை மற்றொன்று நம்பியிருந்தது. அக்கா அலமாரியிலிருந்து அந்தக் கப்பை எடுத்துப் பூவைப் பார்த்தாள், காம்பைப் பார்த்தாள். பிறகு கப்பை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“நீதானேடி சர்க்கரையை விடச் சொன்னே” என்றாள்.

“உன்னை விடச் சொன்னேன். கேக்கையா விடச் சொன்னேன்?”

வேறு நாளாக இருந்தால் அக்காதங்கச்சி இருவரும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். சம்பந்தி வீட்டில் பேச்சு நிற்கவில்லை. அவர்கள் குத்திக் குத்திக் கேட்டபோது, “அக்காவுக்கு மனசு சரியில்ல” என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காது மூக்கு வைத்து, எங்கள் மாடிப்படியில் விளக்கெண்ணெய் வரைக்கும் வந்து நிற்கிறது.

இப்போதும் மாதாமாதம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். இப்போதும் ரத்தம் எடுப்பது தங்கச்சிதான். “கையை நீட்டு. மடக்கு. போ.” அவ்வளவுதான் பேச்சு. ரத்தம் மட்டும் தங்கமாக இருக்கிறதாம். டாக்டர், வரிசையில் நிற்கிறவர்களிடம் அக்காவைக் காட்டி, இவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க என்கிறாராம். கால் தப்பித்துவிட்டது. கைமணம் போய்விட்டது.

ஓவனுக்குள் இப்போது வெங்காயம் இருக்கிறது. டின்கள் ஆணியிலேயே தொங்குகின்றன. கல்யாணம் ஆன பெண் ஒருதடவை போன் செய்து, “பெரியம்மா, நீ வேணும்னு செய்யலைதானே?” என்று கேட்டது. கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்றாள் அக்கா.

இதையெல்லாம் எழுதி முடித்து, போன வாரம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். எங்கேயும் குறுக்கே பேசவில்லை. ‘அக்காவுக்குப் பொறாமையே கிடையாது’ என்று கடைசியில் நான் எழுதியிருந்த வரி வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அதை அடிச்சுடு, தம்பி. பொறாமை இருந்துச்சு. அந்த மண்டபத்துல ஸ்பூன் பிடிச்சவங்க அத்தனை பேர் மேலயும் இருந்துச்சு. ஆனா பொறாமையில செய்யறவ சர்க்கரையைக் குறைப்பாளா? மூட்டையோட கொட்டியிருப்பேன், எல்லாருக்கும் வந்து தொலையட்டும்னு.”